மூத்தாளுக்கு விலை பேசிய சனிக்கிழமை

அத்தியாயம் பதினான்கு

சண்டையில் ஜெயித்தால் நிம்மதி வர வேண்டும். அவளுக்கு ஒரு வாரமாக அது வரவில்லை.

போன சனிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். வாசலில் மறுபடி ஒரு பெட்டி வந்து இறங்கியது. கனமான பெட்டி. அவருடைய பழைய காருக்கு இன்னொரு உதிரிபாகம். அவள் பெட்டியையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்" என்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் இந்த வசனத்தைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. அவர் பதிலும் மனப்பாடம். 'இதுதான் கடைசி.' 'இதைப் போட்டுட்டா அப்புறம் கையே வைக்க வேண்டாம்.' 'இந்த மாதிரி வண்டி இனிமே எவனும் செய்ய மாட்டான்.'

அன்று அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக் கூடத் தூக்கவில்லை.

"சரி. வித்துடலாம்."

அவ்வளவுதான். தள்ளுவதற்காகத் தோளைக் கொடுத்தவளுக்குக் கதவு தானாகத் திறந்துகொண்டால் எப்படி இருக்கும்? குப்புற விழாத குறை.

அந்தக் கார் இந்த வீட்டுக்கு அவளுக்கு முன்னால் வந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கும் உடம்பு, ஒரு காலத்தில் நீலம். அண்ணனும் தம்பியும் கல்யாணத்துக்கு முன்பு ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. அண்ணன் பிரித்துப் பூட்டுவார், தம்பி மலைப்பாதைப் பந்தயங்களில் ஓட்டுவான். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அவள் அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்துவிட்டாள். மகள் பிறந்து பேச்சு வந்ததும், உறவுமுறை பிசகாமல் அதைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"பெரியம்மா போறப்ப நான் வீட்ல இல்லாம போயிட்டேனே" என்றாள் மகள், சின்னக் காரின் சாவியை எடுத்துக்கொண்டே. "எத்தன மணிக்கு வராங்க பொண்ணு பாக்க?"

"பத்துக்கு. நீ கிளம்பு, பரீட்சைக்கு நேரமாச்சு."

"அப்பா எங்க?"

"ஆஸ்பத்திரில லிஃப்ட் நின்னுபோச்சாம், ரிப்பேருக்குக் கூப்பிட்டாங்க. கூட வேலை பாக்கறவர் வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"அப்பா அழறத நாம பாக்கக் கூடாதுன்னு லிஃப்டே பாத்து நின்னிருக்கும்மா."

"உங்கப்பாவாவது அழறதாவது. போடி."

மகள் போன பிறகு அவள் அந்தப் பேச்சையே மென்றுகொண்டிருந்தாள். ஆமாம், அவர் அழவில்லை. முகம் கூடக் கோணவில்லை. வாரம் முழுக்க, பல் பிடுங்கி முடித்தவன் மாதிரி ஒரு சாந்தம். பல் விஷயம் அவளுக்குத் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஆளையே பார்க்காமல் அச்சை வைத்துச் சொல்வாள், இவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று. கட்டின புருஷனின் சாந்தத்தை மட்டும் அவளால் படிக்க முடியவில்லை.

*

வாங்க வந்தவள் பத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். முப்பது வயது இருக்கும், நெட்டையான உடம்பு, கிராப்பு. விடுமுறை நாட்களில் பந்தயம் ஓட்டுவாளாம். கொழுந்தன்தான் தன் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்த இவளிடம் பேச்சுக் கொடுத்துப் பிடித்திருந்தான். அவன் இன்னும் வந்து சேரவில்லை.

"உக்காரும்மா. கொழுந்தன் கடையத் திறந்து வெச்சுட்டு வந்துடுவார். காப்பி சாப்பிடறியா?"

"அப்புறம் சாப்பிடறேங்க்கா. மொதல்ல வண்டியக் காட்டுங்க. ஆசையா இருக்கு."

கொட்டகை குறுகலானது. மூத்தாளின் மூக்கு பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறக்கும். அந்த இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ்காரி சொன்னாள்:

"வெளிச்சத்துல பாத்தாதான் பெயின்ட் தெரியும். வெளிய எடுக்கறீங்களா?"

"நானா?"

"நான் எடுக்கலாம். ஆனா விலை பேசாத வண்டில உக்கார மாட்டேன், எங்கயாச்சும் இடிச்சுட்டா வம்பு."

நியாயம்தான். ஆனால் அந்த ஓட்டுநர் இருக்கையில் அவள் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான புதுசு. "ஓட்டிப் பாரேன்" என்றார் புருஷன். க்ளட்ச்சை மிதித்தாள். மிதித்தாள் என்பது மரியாதைக்கு. சுவரை மிதித்தால் சுவர் எவ்வளவு நகருமோ அவ்வளவுதான் அதுவும் நகர்ந்தது. பந்தயத்துக்கென்று போட்ட க்ளட்ச். "அண்ணி, ரெண்டு காலையும் வைங்க!" என்று கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புருஷனும் கூடச் சிரித்தார். அன்றைக்கு இறங்கியவள்தான். அதற்கப்புறம் பக்கத்து இருக்கையோடு சரி, அதுவும் வேண்டாவெறுப்பாக.

இன்று சாவியை எடுத்துக்கொண்டு உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்தாள். உட்கார்ந்தபோதே ஏதோ ஒன்று இடித்தது. இடிக்காததுதான் இடித்தது. பள்ளத்தில் விழுகிற மாதிரி இருக்க வேண்டிய இருக்கை, நாற்காலி மாதிரி உயரமாக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, இருபது வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து, க்ளட்ச்சை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

பெடல் டம்மென்று தரையில் போய் இடித்தது. முட்டி ஸ்டியரிங்கில் மோதியது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி மெதுவாக அழுத்திப் பார்த்தாள். வெண்ணெய். அவளுடைய சின்னக் காரின் க்ளட்ச் கூட இதைவிடக் கொஞ்சம் முறைக்கும். என்ஜினைக் கிளப்பினாள், பின்னால் எடுத்தாள், முற்றத்தில் நிறுத்தினாள். ஒரு திணறல் இல்லை, ஒரு குதிப்பு இல்லை. மூத்தாள் சொன்ன பேச்சுக் கேட்டாள்.

"அழகா எடுத்தீங்க. தினமும் ஓட்டுவீங்களா?" என்றாள் ஆம்புலன்ஸ்காரி.

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

*

கொழுந்தன் வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டான். பந்தயக் கதைகள். எந்தத் திருப்பத்தில் யாரை முந்தினான், எந்த மழையில் எப்படிச் சறுக்கி நின்றான். கடையில் மூக்குக் கண்ணாடி விற்கும்போது எண்ணி எண்ணிப் பேசுகிறவன், இந்த வண்டியைப் பற்றி என்றால் வாய் மூடாது.

"க்ளட்ச் மட்டும் பழகிக்கணும், சொல்லிட்டேன். மொத வாரம் தொடை உங்களத் திட்டும். சஸ்பென்ஷன் கல்லு மாதிரி. ரோட்ல எறும்பு மேல ஏறினாக்கூட முதுகுக்குத் தெரியும்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று ஆம்புலன்ஸ்காரி கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது.

திரும்பி வந்தபோது கொழுந்தனின் முகம் செத்துப்போயிருந்தது. இறங்கிக் கதவைச் சாத்தினான். வழக்கமாகக் குழந்தையைக் கிடத்துவது போலச் சாத்துகிறவன், இன்று அறைந்து சாத்தினான்.

"அண்ணி, அண்ணன் இதுல என்ன பண்ணி வெச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன பண்ணி வெச்சிருக்கார்?"

"பல்லக்கு பண்ணி வெச்சிருக்கான். பந்தய வண்டிய எடுத்துப் பல்லக்கா மாத்தி வெச்சிருக்கான்! ஸ்ப்ரிங் மாத்தியிருக்கு. க்ளட்ச் மாத்தியிருக்கு. சீட்டத் தூக்கி வெச்சிருக்கு. டர்போவ எழுவது வயசுக் கெழவன் மாதிரி மூச்சு வாங்க விட்டிருக்கான். இவ்வளவு நாளும் அப்கிரேடு அப்கிரேடுன்னானே, இதுதானா?"

ஆம்புலன்ஸ்காரிக்குச் சங்கடமாகிவிட்டது. "என்ஜின் நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா வெச்சிருக்கார். ஆனா நீங்க சொன்ன வண்டி இது இல்ல. இதப் பழையபடி கொண்டுவரணும்னா நான் கொஞ்சம் பாடுபடணும். விலையில பாத்து சொன்னீங்கன்னா எடுத்துக்கறேன்."

"எனக்கே தெரியாம!" கொழுந்தன் இன்னும் அடங்கவில்லை. "பாதி என்னோடது இல்லையா? ஒரு வார்த்த கேக்க வேணாம்?"

அவனுக்கு வண்டி போவதில் வருத்தமில்லை என்று போன வாரம் பெரிய மனிதன் போலச் சொல்லியிருந்தான். இப்போது பார்த்தால் கண் கலங்கியிருந்தது. அவனுடைய வாலிபத்தை அண்ணன் அவன் முதுகுக்குப் பின்னால் பிரித்துப் போட்டுவிட்ட மாதிரி.

அவள் உள்ளே போனாள். கூடத்து மூலையில் ஒரு வாரமாகக் கிடந்த பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"இதுல என்ன இருக்கு, தம்பி?"

"டர்போவா இருக்கும். இல்லன்னா கியர்பாக்ஸ் சாமான்."

"திறங்க."

போன வருஷத்திலிருந்து இது நான்காவது பெட்டி. நான்கு பெட்டிக்கும் சண்டை போட்டிருக்கிறாள். வீடு இரண்டாகிற அளவுக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் ஒன்றைக் கூட அவள் திறந்து பார்த்ததில்லை. என்ன இருக்கும் என்பது தெரிந்ததுதானே என்ற எண்ணம். சண்டைக்குப் பெட்டி போதும், சாமான் எதற்கு?

கொழுந்தன் சாவியால் ஒட்டுத்தாளைக் கிழித்தான். உள்ளே ஒரு சின்ன மோட்டார், கம்பி வடம், கியர் குச்சியின் தலையில் மாட்டுகிற மாதிரி விசை வைத்த ஒரு குமிழ். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னன்னே புரியல. நம்ம வண்டி சாமானே இல்ல இது."

ஆம்புலன்ஸ்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனை அவள் முகத்தில் ஓடியது.

"சொல்லும்மா."

"இது கைக் க்ளட்ச்சுங்க. கியர் போடற கையாலயே க்ளட்ச்சும் பிடிக்கறது. எங்க டிப்போல ஒருத்தர் மாட்டியிருக்கார், சொந்த வண்டில." சற்று நிறுத்தினாள். "அவருக்கு இடது கால் வராது."

கொழுந்தன் குமிழைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தான்.

அவளுக்குள் அச்சுகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. ஒரு பக்கம் வலித்தால் வாய் மறுபக்கத்தால் மெல்லும். மறுபக்கத்துப் பல்தான் தேயும். அவருடைய வலது செருப்பு மட்டும் தேய்ந்துபோய், "ஆனை மாதிரி மிதிச்சா அப்படித்தான்" என்று அவளே திட்டியிருக்கிறாள். மாடிப்படி இறங்கும்போது உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே இறங்குவார். கேட்டால் கண் சரியில்லை, படி தெரியவில்லை என்பார்.

"தம்பி, அவருக்குக் கண்ணாடி போட்டுக் குடுத்தீங்களே, எவ்வளவு பவர்?"

கொழுந்தன் விழித்தான். "பவரே இல்ல அண்ணி. கண்ணு நல்லா இருக்குண்ணேன்னு சொன்னேன். பரவால்ல, சும்மா போட்டுக்கறேன்னான். ஸ்டைலுக்குக் கேக்கறான்னு நெனச்சேன்."

ஆம்புலன்ஸ்காரி தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் கிளம்பறேங்க்கா. வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. குடுக்கறதா வேணாமான்னு சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் போடுங்க." கேட்டருகே போனவள் திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "இத மாட்டி ஓட்டறதுல ஒரு தப்பும் இல்ல. எங்க ஆள் ஜோரா ஓட்டறார்."

*

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் வந்தார். கூட வேலை பார்ப்பவர் தெருமுனையில் இறக்கிவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாராம். கேட்டிலிருந்து முற்றம் வரை அவர் நடந்து வருவதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அதாவது, பார்க்க வேண்டுமென்று பார்த்தாள். இடது பாதம் தரையை நம்பாமல் இறங்கியது.

முற்றத்தில் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் திறந்த பெட்டி. அவர் இரண்டையும் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி எதற்கு அது?

"வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"வண்டி நல்லா இருக்காம். சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். கால் எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"வெயில்ல நிக்க வெச்சுத்தான் கேப்பியா?"

"ஆமா."

அவர் வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டார். போன வருஷம் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கியது. இடுப்புப் பிடிப்பு என்று வீட்டில் சொல்லி நாலு நாள் படுத்திருந்தாரே, அதுதான். முதுகில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். முதலில் மரமரப்பு, பிறகு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி எப்போது இருக்கும், எப்போது இல்லாமல் போகும் என்று தெரியாது. டாக்டர் ஆபரேஷன் என்றார். சரியாகவும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். இவ்வளவையும் அவர் லிஃப்ட் பழுது சொல்வது போலவே சொன்னார்.

"ஏண்டா சொல்லல?" என்று கேட்டுவிட்டுக் கொழுந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஏன்ணே சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? காலுக்கும் கண்ணாடி போட்டு விடுவியா?"

"விளையாடாதண்ணே. வண்டியவாவது விட்டு வெச்சிருக்கலாம்ல. எவ்வளவு உசிரக் குடுத்து செஞ்சோம்."

"அது பழையபடி இருந்தா என்னால ஓட்ட முடியலடா. வண்டிய மாத்தலாம். என்னய மாத்த முடியுமா?"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் அத்தன சண்ட போட்டேனே" என்றாள் அவள். "ஒவ்வொரு பெட்டிக்கும். ஒரு நாளாவது வாயத் திறந்தீங்களா? கார் பைத்தியம்னேன், பொறுப்பில்லாதவன்னேன், கல்லு மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"பைத்தியம்னு பேரு வாங்கிக்கலாம். நொண்டின்னு வாங்க முடியாது."

அவள் கண் அவருடைய கருவிப் பையில் போய் நின்றது.

"இன்னிக்கு ஆஸ்பத்திரில லிஃப்ட் கூண்டு மேல ஏறுனீங்களா?"

"ஏறாம எப்படி ரிப்பேர் பண்றது?"

"கால் வெச்ச இடத்துல கால் இருக்குன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"குனிஞ்சு பாத்துக்குவேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.  லிஃப்ட் கூண்டின் கூரைமேல், கிணறு மாதிரி இருட்டில், எட்டு மாடி உயரத்தில், தன் கால் எங்கே இருக்கிறதென்று குனிந்து தேடும் மனிதனை அவள் பார்த்தாள். அந்தக் கூண்டுக்குள் கட்டிலில் கிடத்தி ஏற்றப்படும் நோயாளிகளையும் பார்த்தாள்.

"அதனாலதான் வித்துடலாம்னீங்களா?"

அவர் பானட்டை உள்ளங்கையால் துடைத்தார். அதுவே பதில். வாரம் முழுக்க இருந்த அந்தச் சாந்தத்துக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. இந்தக் கால் விஷயத்தை மூடி வைக்க அவரால் எல்லோரையும் ஏமாற்ற முடிந்தது, வண்டியைத் தவிர. யாராவது ஒருத்தர் ஏறி ஒரு மிதி மிதித்தால் போதும். அதைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அவளே ஒரு சாக்கையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமா? குடுத்துடலாம்" என்றார் அவர். "குறைச்சுக் கேட்டாலும் பரவால்ல."

"குடுக்க வேண்டாம்."

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள்.

"நீதானடி வித்துடுன்ன?"

"சொன்னேன். சக்களத்தின்னு நெனச்சு சொன்னேன். அந்தப் பெட்டியில இருக்கறத மாட்டுங்க. ஆசை தீர ஓட்டுங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஆனா திங்கக்கிழம ஆபீஸ்ல போயி கால் இப்படின்னு சொல்லணும்."

"சொன்னா என்ன நடக்கும்னு தெரியுமா? மேல ஏத்த மாட்டான். மேஜைல உக்கார வெச்சு, 'வணக்கம், எந்த லிஃப்ட் நின்னுபோச்சு?'ன்னு போன் எடுக்க வைப்பான்."

"எடுங்க."

"பதினெட்டு வயசுலேர்ந்து கயிறு புடிச்சு ஏறினவன் நான்."

"அதனாலதான் சொல்றேன். எடுங்க."

"என்னால முடியாது."

"குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டு எட்டு மாடி ஏற முடியுது. ஒரு போன் எடுக்க முடியாதா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழுந்தன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணி சொல்றது சரிதான்ணே. நானும் கேக்கறேன். பாதி வண்டிக்காரனா கேக்கறேன். இத விக்கக் கூடாது."

"இப்பதானே பல்லக்குன்னு குதிச்சியாம்?"

"யார் சொன்னா?"

"தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு, முனைக் கடைக்காரர் சொன்னார்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வரப் பார்த்தது, அதுவே கொஞ்சம் காற்று விட்ட மாதிரி இருந்தது. அவர் பெட்டியிலிருந்து அந்தக் குமிழை எடுத்து உள்ளங்கையில் வைத்து, விசையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

*

"சொல்லுங்க சார்." அவருடைய சூப்பர்வைசர். "மறுபடி நின்னுடுச்சா? ... காலைல சரியாத்தானே ஓடுச்சு ... இப்பவேவா?"

அவர் கண் அவள்மேல் வந்து நின்றது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலையை மட்டும் 'வேண்டாம்' என்று அசைத்தாள். எதிரே போனில் இருக்கும் மனிதரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் உதடு அதற்காகத் திறந்ததைக் கூட அவள் பார்த்தாள்.

"சார் ... அது வந்து ... வர முடியாது சார். வண்டி ரிப்பேர்."

கொழுந்தன் வாயைப் பிளந்தான்.

"ஆமா சார், அந்தப் பழைய வண்டிதான். கிளம்பவே மாட்டேங்குது. பொண்ணு சின்ன வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா ... இல்ல சார், வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம் ... சார் ... சார்?"

போனை இறக்கினார்.

"என்ன?"

"பக்கத்துத் தெருவுலதான் இருக்காராம். அவரே வந்து கூட்டிட்டுப் போறாராம்."

வேலை ஆரம்பித்துவிட்டது. "டேய், பானட்டத் திற" என்றார் தம்பியிடம். "கையில கொஞ்சம் கிரீஸ் பூசிக்கோ. காலைலேர்ந்து பாக்கறோம், புடிபடலன்னு சொல்லு." பெட்டியைக் கொட்டகைக்குள் இழுத்துத் தள்ளினார். கொழுந்தன் ஒரு நொடி அண்ணியைப் பார்த்தான். ஆனால் அண்ணன் 'திற' என்றால் திறந்தே பழகின கை. பானட்டைத் தூக்கி நிறுத்தி, ஒரு ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

அவள் அசையவில்லை. இருபது வருஷமாக அந்த வண்டியைத் திட்டியிருக்கிறாள். பெயர் வைத்து, வம்புக்கிழுத்து, ஒழிந்துபோ என்று சபித்திருக்கிறாள். இன்று அதன்மேல் அபாண்டமாகப் பழி விழுந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளதைச் சொன்னது இந்த வீட்டில் அது ஒன்றுதான். அதைத்தான் நோயாளியாக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

ஒரு வார்த்தையில் அவருடைய முப்பது வருஷத் தொழில் இருந்தது. அவளுக்கு அது தெரியும். சொன்னால் இன்றோடு அவர் கயிறு பிடிக்க மாட்டார். அவளை மன்னிக்கவும் மாட்டார், நெடுநாளைக்கு. சொல்லாவிட்டால் இன்னும் சற்று நேரத்தில் அவர் அந்தக் கூண்டின்மேல் நிற்பார், குனிந்து பார்த்துக்கொண்டு.

கேட்டருகே கம்பெனி வேன் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கினார். கனத்த மனிதர், நல்ல மனிதர். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர். பானட் திறந்து கிடப்பதையும் கொழுந்தனின் கிரீஸ் கையையும் பார்த்து, உச்சுக் கொட்டிக்கொண்டே வந்தார்.

"கடைசில இதுவும் படுத்துருச்சா? எப்பவோ வித்துத் தொலைன்னு சொன்னேன், கேட்டாத்தானே."

"வாங்க சார், போலாம்" என்று அவர் அவசரமாகக் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். வலது காலை ஊன்றிக்கொண்டுதான் மாட்டினார்.

"இருய்யா, தண்ணியாவது குடிச்சுட்டுக் கிளம்பலாம்." சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார். "சௌக்கியமாம்மா? வண்டிக்கு என்ன கோளாறாம்?"

புருஷன் அவளைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. அவருக்குக் கெஞ்சத் தெரியாது. வெறுமனே பார்த்தார்.

கொழுந்தன் பானட்டுக்கு அடியிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள்.